‘அவள்’ எப்போது ‘நாம்’ ஆகிறாள்?

காலை ஆறரை மணி. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் மூன்று விதமான கையெழுத்துகள். சாய்வான எழுத்தில், ‘கரண்ட் பில் கட்டியாச்சு. ரசீது டிராயரில் இருக்கு.’ அதன் கீழே, பேனா முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதிய பெரிய எழுத்தில், ‘ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகக் கூடாது. அவர் வருவார்.’ ஓரத்தில், பென்சிலால், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில், ‘எனக்கு கலர் பென்சில் வேணும்.’

அந்த வீட்டில் குழந்தைகள் இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தனியாக வசிக்கிறார். மூன்றையும் எழுதியது அவர் கைதான். எழுதியதாக அவருக்கு நினைவிருப்பது முதல் வரி மட்டும். அவர் பதறவில்லை. பேனாவை எடுத்து அடியில் எழுதுகிறார்: ‘சரி. கல்யாணத்துக்குப் போக மாட்டோம். கலர் பென்சில் சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன்.’ பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்.

இந்தப் பெண் ஒரு குறிப்பிட்ட நபர் அல்ல. இந்த நிலையோடு வாழ்கிறவர்கள் எழுதியும் பேசியும் வைத்திருக்கும் அனுபவங்களிலிருந்து நான் கோத்தெடுத்த உருவம். ஆனால், அந்தத் தாளில் நடக்கும் உரையாடல் உண்மையானது. ஒரே உடலில் வாழும் பல ‘நான்’கள், நோட்டுப் புத்தகத்திலும் கைபேசியிலும் ஒருவருக்கொருவர் எழுதிவைத்து அன்றாடத்தை நடத்துவது பல நாடுகளில், பல வீடுகளில் நடக்கிறது. பதறாமல் அப்படியொரு பதிலை எழுதும் இடத்துக்கு வந்துசேர அவர்களுக்கு நெடுங்காலம் ஆகிறது. அந்தக் காலத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் பெருமளவு சுற்றியிருக்கும் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பொதுவெளியில் பேச வேண்டியிருக்கிறது.

பெயர் மாறிய கதை

மருத்துவத்தில் இதன் பெயர் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’, சுருக்கமாக டிஐடி. நம்மிடையே ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்ற பெயரில்தான் அதிகம் அறியப்பட்டிருக்கிறது. பிரான்ஸின் பியர் ழானே 1889-லேயே மனித மனத்தின் பகுதிகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே இயங்கக்கூடும் என்று விரிவாக எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 1980-ல் இதை ‘மல்டிபிள் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று தனியாக வகைப்படுத்தியது. 1994-ல் அந்தப் பெயர் இன்றைய பெயராக மாறியது. ஓர் உடலுக்குள் முழு மனிதர்கள் பலர் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணத்தைப் பழைய பெயர் தந்தது. சிக்கல் அதுவல்ல என்று மருத்துவர்கள் உணர்ந்தார்கள். ஒரே மனிதரின் நினைவும் உணர்வும் அடையாளமும் ஒன்றாகச் சேராமல் தனித்தனி அறைகளில் நிற்கின்றன. அந்த அறைகளுக்கு இடையே மறதி சுவராக எழுந்திருக்கிறது. இதுதான் சிக்கல்.

‘புத்தி ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது’ என்று எல்லோரும் சொல்கிறோம். அலுவலகத்தில் ஒரு முகம், அம்மாவிடம் ஒரு முகம் என்று எல்லோருக்கும் உண்டு. அது இதுவல்ல. நமக்கு அறைகள் இருந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. நேற்று கோபத்தில் கத்தியதும் நான்தான், இன்று வருந்துவதும் நான்தான் என்று தெரியும். டிஐடியோடு வாழ்கிறவருக்கு நேற்றைய மாலை முழுவதும் காணாமல் போயிருக்கும். வாங்கிய நினைவில்லாத புடவை அலமாரியில் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாது. ‘பொய் சொல்றே’, ‘நடிக்கிறே’ என்ற வார்த்தைகளைப் பள்ளி நாளிலிருந்தே கேட்டு வளர்ந்திருப்பார். தன்னைத் தானே பொய்யர் என்று நம்பத் தொடங்கியிருப்பார்.

இது மனச்சிதைவும் அல்ல. மனச்சிதைவு நோயில் குரல்கள் கேட்பதுபோல் இவர்களுக்கும் உள்ளே குரல்கள் கேட்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டு பல ஆண்டுகள் தவறான சிகிச்சை தரப்படுவது உண்டு. சரியான நோயறிதல் கிடைப்பதற்குள் மனநலச் சிகிச்சையிலேயே 5 முதல் 12 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்று இத்துறையின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் குறிப்பிடுகின்றன. அமெரிக்காவில் நடந்த சிறிய சமூக ஆய்வு ஒன்றில் வயதுவந்தோரில் 1.5% பேருக்கு இது இருப்பதாகத் தெரியவந்தது. அந்த விகிதத்தில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பேர் வேலைசெய்யும் ஒரு தொழிற்சாலையில் ஏழெட்டுப் பேர். நம்மோடு டீ குடிக்கிறவர்கள், நம் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறவர்கள்.

திரையில் வந்த ‘இன்னொருத்தி’

தமிழர்களுக்கு இந்த நிலையை அறிமுகப்படுத்திய ஆண்டு 2005. ஏப்ரலில் ‘சந்திரமுகி’ வந்தது, ஜூனில் ‘அந்நியன்’ வந்தது. இரண்டும் பெரும் வெற்றி பெற்றன. கங்கா சந்திரமுகியாக மாறும்போது ஜோதிகாவின் கண்களும், அம்பிக்கும் அந்நியனுக்கும் இடையே நொடிக்கொரு தரம் மாறும் விக்ரமின் குரலும் இன்றும் நம் நினைவில் நிற்கின்றன. நடிப்பின் உச்சங்கள் அவை. அவற்றை ரசிப்பதில் தவறில்லை. ஆனால், அவை விட்டுச்சென்ற பாடம் இரண்டு: உள்ளே இருக்கும் இன்னொருவர் கொலை செய்வார், அவரை ஏமாற்றியாவது விரட்டினால்தான் விடிவு. பழிதீர்த்துவிட்டதாகச் சந்திரமுகியை நம்பவைத்து வெளியேற்றுகிறார்கள். கங்கா அமைதியாகக் கண்விழிக்கிறாள். ஹாலிவுட்டும் விலக்கல்ல. மனோஜ் நைட் ஷியாமளன் இயக்கிய ‘ஸ்ப்ளிட்’ படத்திலும் கடைசி அடையாளம் ஒரு மிருகம்தான்.

உண்மை இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. இவர்களால் பெரும் ஆபத்து நேர்வது இவர்களுக்கே. சிகிச்சைக்கு வரும் டிஐடி உள்ளவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது அமெரிக்கக் கையேடு. திரையில் காட்டுவதுபோல் கண்கள் சிவந்து, குரல் மாறி, தலைமுடி பறக்க எவரும் மாறுவதில்லை. தங்கள் நிலையை வெளிப்படையாகக் காட்டிக்கொள்கிறவர்கள் சுமார் 6% பேர்தான் என்பது மருத்துவர்களின் கணிப்பு. மற்றவர்களிடம் மாற்றம் என்பது பேச்சின் நடுவே ஒரு சிறு தடுமாற்றம், பார்வையில் ஒரு விலகல், ‘என்ன சொல்லிட்டிருந்தேன்?’ என்ற கேள்வி, அவ்வளவுதான். மறைப்பதற்காகவே உருவான ஏற்பாடு இது. கண்டுபிடிக்கப்பட்டால் அடி விழும் என்ற வீட்டில் பிறந்த ஏற்பாடு.

அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

எந்தக் குழந்தையும் கோத்துமுடித்த ஒரே ‘நான்’ உடன் பிறப்பதில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பசித்து அழும் குழந்தை, சிரிக்கும் குழந்தை, பயந்து சுருளும் குழந்தை என்று தனித்தனியாக இருக்கும் நிலைகள், அன்பான கைகளுக்குள் வளரும்போது மெல்ல மெல்ல ஒன்றாகக் கூடுகின்றன. அந்தக் கூடல் நடக்கும் வயதில், தப்பிக்க வழியில்லாத கொடுமை மீண்டும் மீண்டும் நேர்ந்தால் அது தடைப்படுகிறது. ஆகவே, ‘பிளவு’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதே பிழையான சொல். முழுதாக இருந்த பானை உடைந்த கதை அல்ல இது. சேர வேண்டியவை சேர விடப்படாமல் போன கதை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இந்த நிலை உள்ளவர்களில் சுமார் 90% பேர் குழந்தைப் பருவத்து வன்கொடுமையையோ கடும் புறக்கணிப்பையோ சொல்கிறார்கள். கொடுமை செய்கிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்ல. சோறு ஊட்டுகிறவர், பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அந்தக் கையை நம்பியே உயிர்வாழ வேண்டிய ஏழு வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று அந்தப் பழமொழியைக் கேட்டுப்பாருங்கள். இரவில் நடந்ததை அறிந்த பிள்ளையால் காலையில் அதே கையிலிருந்து இட்லி வாங்கித் தின்ன முடியாது. அதனால் இரவை ஒருத்தி வைத்துக்கொள்கிறாள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறவளுக்கு இரவு தெரியாது. மனம் செய்த இந்த ஏற்பாட்டால்தான் அந்தப் பிள்ளை கணக்குப் பாடம் படித்தாள், தேர்வு எழுதினாள், உயிரோடு இருந்தாள்.

இந்தியாவில் இதற்கான விளைநிலம் சிறியதல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 53 விழுக்காட்டுக்கும் அதிகமானவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. துன்பத்துக்கு ஆளான எல்லாக் குழந்தைக்கும் டிஐடி வருவதில்லை. ஆனால், அந்தக் குழந்தைகள் எல்லோரும் இன்று பெரியவர்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

‘யார் வந்திருக்கிறது?’

நம் ஊர்களில் ஒரு பெண் திடீரென்று வேறு குரலில் பேசினால், முதலில் போவது கோடாங்கியிடமோ பூசாரியிடமோதான். உடுக்கை ஒலிக்க அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘யார் வந்திருக்கிறது? எங்கிருந்து வந்தே? உனக்கு என்ன வேணும்?’ இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வீட்டில் வாய்திறக்க அனுமதியில்லாத மருமகள் ஒருத்தி, அந்தக் கேள்வியின் முன்னால்தான் முதன்முதலாகப் பேசுகிறாள். தேர்ந்த மனநல சிகிச்சையாளர் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான்.

வழி பிரிவது அடுத்த கட்டத்தில். கோடாங்கி, வந்ததை விரட்டுகிறார். உச்சிமுடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் ஆணியடிக்கிறார்கள். அடி, வேப்பிலை, மிளகாய்ப் புகை. சிறுவயதில் அடிவாங்கி உருவான ஒரு பகுதியை, மீண்டும் அடித்தால் அது எங்கே போகும்? இன்னும் ஆழத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். விரட்டியதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

இந்திய மருத்துவர்கள் இந்தத் தொடர்பை வெகுகாலம் முன்பே கவனித்திருக்கிறார்கள். பேய் பிடித்த நிலையையும் மேலைநாட்டுப் பல்லாளுமை நிலையையும் ஒப்பிட்ட கட்டுரை 1981-லேயே வெளிவந்தது. இந்தியாவில் பல்லாளுமை உள்ளவர்கள் மூவரைப் பற்றிய ஆய்வுரை 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது. 2013-ல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சில பண்பாடுகளில் இந்த நிலை ‘ஆட்கொள்ளப்பட்ட’ அனுபவமாக வெளிப்படலாம் என்று இலக்கணத்திலேயே சேர்த்தது. கூடவே, பண்பாடு ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக நிகழ்வதை நோயாகக் கொள்ளக் கூடாது என்றும் வரையறுத்தது. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் ஓர் அம்மாவுக்குச் சாமி வருவது நோயல்ல. ஊரே அதைச் சூழ்ந்து தாங்குகிறது, ஆட்டம் முடிந்ததும் அவர் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார். விருப்பமில்லாமல், நேரம் காலம் இல்லாமல் வந்து, வாழ்வைச் சிதைத்து, நினைவைப் பறித்துப்போவதுதான் சிகிச்சை தேடவேண்டியது.

விரட்டுவதும் கட்டிவைப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. இரும்புச் சங்கிலி குற்றமாகிவிட்டது. விரட்ட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நாங்கள், நாம்

உலகெங்கும் டிஐடியோடு வாழ்கிறவர்கள் பலர் தங்களைப் பற்றிப் பேசும்போது பன்மையில் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. இந்த இலக்கணத்தை வைத்தே ஒருவர் தன்னை ஏற்றுக்கொள்ளும் பயணத்தை அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் உள்ளே இருப்பவர் ‘அது’. அது என்னை ஆட்டிவைக்கிறது, அதைக் கொன்றுவிட வேண்டும். பிறகு ‘அவள்’. அவளுக்கு ஒரு வயது இருக்கிறது, ஒரு பயம் இருக்கிறது. பிறகு, மற்றவர்கள் முன்னால் ‘நாங்கள்’. கடைசியில், உள்ளே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்போது ‘நாம்’. ஃபிரிட்ஜ் தாளில் அந்தப் பெண் ‘போக மாட்டோம்’ என்று எழுதினார் அல்லவா? தமிழ் வினைமுற்றில் அந்த ‘ஓம்’ இரண்டுக்கும் பொதுவானது. அவர் இன்னும் எந்தச் சொல்லுக்கும் முழுதாக வந்துசேரவில்லை. ஆனால் ஒருமையைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இந்தப் பயணத்தில் மிகக் கடினமான கட்டம், உள்ளே திட்டிக்கொண்டே இருக்கும் குரலோடு சமாதானமாவது. ‘நீ எதுக்கும் லாயக்கில்லை’, ‘வாயைத் திறந்தா கொன்னுடுவேன்’ என்று கொடுமை செய்தவரின் குரலிலேயே பேசும் ஒருவர் பலருக்கும் உள்ளே இருக்கிறார். அவரை வெளியேற்றத்தான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். பொறுமையாகக் கேட்டால், அவருக்கும் ஒரு காரணம் இருக்கும். பிள்ளை வாய்திறந்தால் அடி அதிகமாகும் என்பதைக் கண்டுகொண்டு, அவளை முன்கூட்டியே மிரட்டி அடக்கிவைத்தவர் அவர். காவல்காரர்தான், காவல் முடிந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சொல்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. இந்த நிலைக்கென்று தனி மருந்து இல்லை. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை உதவலாம், ஆனால் வேலைசெய்வது பேச்சும் நம்பிக்கையும்தான். 2011-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் மூன்று கட்டங்களைச் சொல்கின்றன: முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு பழைய காயங்களை மெல்லத் தொடுவது, கடைசியில் இணைந்த வாழ்க்கை. எந்தப் பகுதியையும் ஒழித்துக்கட்டச் சொல்லக் கூடாது என்றும், புதிய பகுதிகளை ஊக்குவித்து வளர்க்கக் கூடாது என்றும் அவை சிகிச்சையாளர்களை எச்சரிக்கின்றன.

அன்றாடத்தில் இது மிகச் சாதாரணக் காரியங்களாக இருக்கிறது. காலண்டர் சுவரில் கண்ணில்படும் உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிள்ளை கண்விழித்தால் இது பழைய வருடம் இல்லை என்று தெரிய வேண்டும். ‘இந்த வீட்டுச் சாவி நம்மகிட்டதான் இருக்கு. அந்த ஆள் இங்கே இல்லை’ என்று கதவைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட முகப்பவுடரின் மணம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், தீபாவளி வெடி, எதில் நிலம் நழுவுகிறது என்று குறித்துவைக்க வேண்டும். அலுவலகத்தில் பேச வேண்டியவர் யார், வண்டி ஓட்டும்போது யார் முன்னால் வரக் கூடாது, சம்பளத்தில் எவ்வளவு வரை யார் செலவு செய்யலாம் என்றெல்லாம் ஒப்பந்தங்கள் வேண்டும். சிலநாள் ஒப்பந்தம் மீறப்படும். மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். பங்காளிகள் ஒரே முற்றத்தில் வாழும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. யாரையும் வீட்டைவிட்டு அனுப்பாமல் குடித்தனம் நடத்தும் வித்தை அது.

முடிவில் எல்லோரும் ஒருவராகிவிட வேண்டுமா? சிலருக்கு ஆகிறது. 1957-ல் வந்த ‘தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்’ படத்தின் பின்னிருந்த பெண்மணி கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர். படம் அவர் குணமானதாகச் சொல்லி முடிந்தது. உண்மையில் அவருக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் போராட்டம் தொடர்ந்தது. மூன்றல்ல, 20-க்கும் மேற்பட்ட ஆளுமைகள் இருந்ததாகப் பின்னர் சொன்னார். 1977-ல் தன் பெயரிலேயே தன் கதையை எழுதினார். இணைந்த ஒரே பெண்ணாக, 2016-ல் இறக்கும்வரை மனநல விழிப்புணர்வுக்காகப் பேசினார். அமெரிக்காவின் ட்ரடி சேஸ் வேறு வழியைத் தேர்ந்தார். 1987-ல் வந்த அவரது நூலின் ஆசிரியர் பெயரே உள்ளே இருந்த 92 பேரின் கூட்டுப் பெயர்தான். ஒன்றாகிவிட வேண்டாம், சேர்ந்து இருப்போம் என்பது அவர்கள் முடிவு. லண்டனில் வாழும் கிம் நோபிள் ஓவியர். அவருக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு பாணியில் வரைந்து, ஆளுக்கொரு பெயரில் கையெழுத்திடுகிறார்கள். ஒன்றாவதும் நலமே, ஒன்றுகூடி வாழ்வதும் நலமே. எது என்பதை வாழ்கிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

2019-ல் சிட்னி நீதிமன்றத்தில் ஜெனி ஹேய்ன்ஸ் என்ற பெண், தனக்குக் குழந்தைப் பருவத்தில் கொடுமை செய்த தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தார். அவருக்குள் இருந்தவர்களும் சாட்சி சொல்ல நீதிமன்றம் இடம்தந்தது. சாட்சியம் தொடங்கிய பிறகு தந்தை குற்றத்தை ஒப்புக்கொண்டார். 45 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ‘பொய் சொல்றே’ என்று உலகம் ஒதுக்கிய அந்தப் பகுதிகள்தான் அத்தனை ஆண்டுகளாக உண்மையைப் பத்திரமாக வைத்திருந்தன.

சந்தேகத்துக்கும் பொறுப்புக்கும் இடமுண்டு

இந்த நோயறிதலின் மீது மருத்துவ உலகிலேயே சந்தேகங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையல்ல. 1973-ல் வந்து லட்சக்கணக்கில் விற்ற ‘சிபில்’ நூலின் கதையில், மருத்துவரின் தூண்டுதலும் மருந்துகளும் பெரும்பங்கு வகித்தன என்று 2011-ல் வந்த டெபி நேதனின் நூல் வாதிட்டது. 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவில் சில சிகிச்சையாளர்கள் மனவசியத்தின் வழியே நடக்காதவற்றை நடந்ததாக நம்பவைத்துக் குடும்பங்களைக் குலைத்தார்கள். 1997-ல் சிகாகோவில் அப்படியொரு வழக்கு 1.06 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. மறுபுறம், இது வெறும் நடிப்போ கற்பனையோ அல்ல என்பதற்கு மூளை ஆய்வுகள் வலுசேர்க்கின்றன. இந்த நிலை உள்ளவர்களுக்கும், அப்படி நடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் மூளை இயக்கம் ஒன்றாக இல்லை என்று 2012-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. மூளைப் படங்களின் அமைப்பை மட்டும் கொண்டு இவர்களைப் பிறரிடமிருந்து 73% அளவுக்குச் சரியாகப் பிரித்தறிய முடிந்தது என்று 2019-ல் இன்னோர் ஆய்வு வந்தது.

என் நிலைப்பாடு இதுதான்: சந்தேகம் வேண்டும்; அதை அவசரப்படும் சிகிச்சையாளர் மீது வைப்போம். நினைவைத் தோண்டித் திணிக்கிறவர் மீது வைப்போம். எதிரே உட்கார்ந்து நடுங்குகிறவர் மீது அதை ஏவ வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன்னை ஏற்பது என்றால் எல்லாவற்றுக்கும் சாக்கு கிடைத்தது என்று பொருள் இல்லை. ‘கடன் வாங்கியது நான் இல்லை, அவள்’ என்று சொல்லித் தப்ப முடியாது. யார் வாங்கினாலும் கட்ட வேண்டியது எல்லோரும். யார் திட்டினாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியது எல்லோரும். வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. இந்தக் கண்டிப்பைப் பலர் சுமையாக அல்ல, விடுதலையாக உணர்கிறார்கள். தனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கலாம் என்ற அச்சத்தில் வாழ்ந்தவருக்கு, ‘எல்லாம் நம் பொறுப்பு’ என்று சொல்ல முடிவது பெரிய மீட்சி.

சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டியது

குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நிலை என்று தெரிந்தால், முதல் உதவி வேடிக்கை பார்க்காமல் இருப்பது. ‘அந்த இன்னொருத்தியைக் கூப்பிடு, பார்க்கலாம்’ என்று கேட்காதீர்கள். நடந்தது என்ன என்று துருவாதீர்கள். சொல்லும் வேளையில் கேளுங்கள். பேசுவது யார் என்று தெரியாவிட்டால், ‘உன்னை எப்படிக் கூப்பிடணும்?’ என்று ஒருமுறை இயல்பாகக் கேட்டுவிட்டு, பேச வந்ததைப் பேசுங்கள். மறந்துபோனதைச் சுட்டிக்காட்டி அவமானப்படுத்தாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காட்டி, ‘மாமா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ’ என்று வற்புறுத்தாதீர்கள். அவள் வரமாட்டேன் என்றால், ஏன் என்று ஊருக்குமுன் கேட்காதீர்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணை அவளுடைய ஏழாம் வயதுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

அரசும் மருத்துவத் துறையும் செய்ய வேண்டியவை தெளிவானவை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை; பேச்சுவழிச் சிகிச்சையில் தேர்ந்தவர்கள் அதனினும் குறைவு. மாத்திரை எழுதி ஐந்து நிமிடத்தில் அனுப்பும் புறநோயாளிப் பிரிவில் இந்த நிலையைக் கண்டறியவே முடியாது. குழந்தைப் பருவத்தைப் பற்றியும் காணாமல்போகும் நேரத்தைப் பற்றியும் கேட்கும் பயிற்சி மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒவ்வொரு மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் தரப்பட வேண்டும். ‘ஹிஸ்டீரியா’ என்றும் ‘நடிப்பு’ என்றும் ஒதுக்கும் பழக்கம் மருத்துவமனையிலிருந்தே நீங்க வேண்டும். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைப் பழிப்பதால் பயனில்லை. அங்கேயே, மரியாதையோடு, மருத்துவத்துக்கும் ஒரு வாசல் திறக்கப்பட வேண்டும். பள்ளியில் ‘பகல்கனவு காண்கிறது, பொய் சொல்கிறது’ என்று முத்திரை குத்தப்படும் பிள்ளையை, ஆசிரியர் ஒருமுறை தனியே அழைத்து அமைதியாகக் கேட்டால், முப்பது ஆண்டு அலைச்சல் மிச்சமாகலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மாவின் தொலைபேசி அழைப்பு மூன்றுமுறை ஒலித்து ஓய்ந்தது. மூன்றாவது அழைப்புக்கும் மதியத்துக்கும் இடையே ஒரு மணி நேரம் அவருக்கு நினைவில் இல்லை. முன்பென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுதும் நடுங்கியிருப்பார். இன்று எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். அழுத்தி எழுதும் பெரிய எழுத்தில் ஒரே சொல்: ‘நன்றி.’ அதன் கீழே, இந்த முறை பச்சை நிறத்தில், அதே கோணல் எழுத்து:

‘கலர் பென்சில் நல்லா இருக்கு. நாம ஒரு வீடு வரையலாமா?’